கிழிந்த டயரோடு கும்மிடிப்பூண்டிக்கு

கும்மிடிப்பூண்டியில் ரயிலை விட்டு இறங்கியபோது என் தோளில் ஒரு கிழிந்த டயர் தொங்கிக்கொண்டிருந்தது. பைக்குள் மடித்து வைத்திருக்கலாம். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் வெளியே மாட்டியிருந்தேன். மலையில் ஓட்டும் சைக்கிளின் டயர் அது. பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து, உள்ளே இருந்த நூல் பிசிறு பிசிறாக வெளியே வந்திருந்தது.

"இன்னாம்மா, டயர் மட்டும் வருது, வண்டி பின்னால வருதா?" என்று பிளாட்பாரத்தில் ஒருவர் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். நான் திரும்பியதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார். அன்று என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

எனக்கு ஊர் கோத்தகிரி. பெயர் ராஜி. அங்கே சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் பதினொரு பேர் சேர்ந்து தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவோம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பந்தயங்களுக்கும் போவோம். எங்களில் ஒருத்தி தங்கம். நர்ஸ், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், என்னைவிட வேகமாக இறக்கத்தில் இறங்குகிறவள். மூன்று வாரங்களுக்கு முன் அவளுடைய முன்சக்கரத்து டயர் ஒரு சாதாரணக் கல்லில் உரசிக் கிழிந்தது. காற்று ஒரே மூச்சில் போய்விட்டது. சக்கரம் மடங்கி, அவள் தலைகுப்புற விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது. முகவாயில் ஏழு தையல். இன்னும் மூன்று மாதத்துக்கு அவள் ஒரு நோயாளியைத் தூக்கி உட்காரவைக்க முடியாது.

டயர் புத்தம் புதியது. அது அவளுடைய மூன்றாவது ஓட்டம். லேபிளில் 'மலைப் பந்தயத்துக்கு' என்றும், 'இரட்டைச் சுவர், மென் ரப்பர்' என்றும் தங்க நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். கீழே கும்மிடிப்பூண்டி சிப்காட் முகவரி. அதிலிருந்த எண்ணுக்கு நாற்பது தடவையாவது அழைத்திருப்பேன். மணி அடிக்கும், நிற்கும், அவ்வளவுதான்.

"போய் என்ன கேட்கப்போகிறாய்?" என்று வீட்டில் கேட்டார்கள். எதுவும் கேட்பதற்கில்லை. இதைச் செய்தவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கிளம்பினேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் ஊரில் இந்த நேரத்துக்கு ஸ்வெட்டரைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருப்போம். ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர். எனக்கு எதிரே கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இரண்டு வடநாட்டுத் தொழிலாளிகள். ஒருவர் மற்றவரிடம் இந்தியில் சொன்னார்: "அக்கா மாலை போட்டுக்கொண்டு போகிறாள், யாருக்குக் கல்யாணமோ." எனக்கு அந்த அளவு இந்தி புரியும். "கல்யாணம் இல்லை, கருமாதி" என்று இந்தியிலேயே சொன்னேன். அவர் தன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆட்டோ சிப்காட்டுக்குள் திரும்பும் முன்பே பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. இறங்கிப் பார்த்தேன். டயரில் பட்டையே இல்லை. வழுக்கைத் தலை மாதிரி வழவழவென்று இருந்தது. ஓரத்தில் நூல் தெரிந்தது. "இந்த டயரோட ஒன்பது பேர ஏத்தறீங்களே" என்றேன். ஓட்டுநர் என் தோளைக் காட்டி, "உன் டயரப் பாத்துட்டு என் டயரப் பேசும்மா" என்றார். மிச்ச தூரத்தை நடந்தேன்.

லேபிளில் இருந்த மனை எண்ணைத் தேடிப்பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. லாரிகள் கிளப்பிய புழுதியில் கண் எரிந்தது. கடைசியில் கண்டுபிடித்த கேட்டில் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. காவலாளி என் தோளைப் பார்த்ததுமே கையை ஆட்டினார்.

"டயர் கம்பெனி இங்க இல்லம்மா. எப்பவும் இருந்ததில்ல. நான் ஆறு வருசமா இந்தக் கேட்டாண்டதான் குந்திக்கினு கீறேன். நீ மூணாவது ஆளு. போன மாசம் ஒருத்தர் சேலத்துலேர்ந்து வந்து என்ன அடிக்க வந்துட்டாரு."

"அப்ப இந்த அட்ரஸ்?"

"எவனோ சும்மா போட்டுக்கினான். எங்க ஓனருக்கே தெரியாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "புதுவாயல்ல சைக்கிள் கடை வச்சிக்கிறான் பாஸ்கருன்னு ஒருத்தன். அவனக் கேளு. டயர் விசயம்லாம் அவனுக்குத் தெரியும்" என்றார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அவர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லாததுதான் எனக்கு அப்போது பெரிய எரிச்சலாக இருந்தது.

சாப்பிட உட்கார்ந்த மெஸ்ஸில் பாதிப் பேர் சோறும் பாதிப் பேர் சப்பாத்தியும் சாப்பிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே காரக்குழம்பு. சப்பாத்தியைக் காரக்குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவது எனக்குப் புதிது, நன்றாகத்தான் இருந்தது. பிறகு அறை தேடிப் போன லாட்ஜில், தனியாக வந்திருக்கிறேனா, ஏன் தனியாக, வீட்டுக்காரர் எங்கே என்று கேள்வி மேல் கேள்வி. டயரைத் தூக்கி மேஜை மேல் போட்டு, "இதோ இவர்கூட வந்திருக்கேன்" என்றேன். சாவி வந்தது.

வெள்ளிக்கிழமை புதுவாயல். நெடுஞ்சாலைக் கூட்டுரோட்டில் பரோட்டாக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே பாஸ்கரின் சைக்கிள் கடை. என் வயதுதான் இருக்கும். நானும் கடைக்காரிதான் என்றதும் டயரை வாங்கி, இரண்டு விரலால் பக்கத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, தெருவில் எச்சில் துப்பினார்.

"எளாவூர் சரக்கு. செக்போஸ்ட்டு தாண்டி, லாரி நிக்கிற எடத்துக்குப் பின்னால குடோன் கீது. எனுக்கும் கொண்டாந்தானுங்கோ. நான் வாங்கல."

"வாங்கலன்னா சரி. நாலு பேருக்குச் சொல்லியிருக்கலாமே?"

"யாருகிட்ட போய் சொல்றது? நீயும் கடைதான வச்சிருக்க, நீ இன்னா பண்ண?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு முகம் சூடாயிற்று. நாஷ்டா சாப்பிட்டாயா என்று கேட்டு இட்லி வாங்கிக் கொடுத்தார். பாதியில் எழுந்துவிட்டேன்.

எளாவூருக்கு ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் என்னை மறந்தே போனார். செக்போஸ்ட்டையும் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் விசில் ஊதி இறக்கிவிட்டார். லாரி வரிசையின் ஓரமாகத் திரும்பி நடந்தேன். ஒவ்வொரு லாரியும் கடக்கும்போது சூடான காற்று என்னைத் தள்ளியது. வழியில் ஒரு பஜ்ஜிக் கடையில் நின்றேன். மிளகாயைப் பிளந்து, வெங்காயம் திணித்து, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். ஆந்திரப் பக்கத்துக் கைப்பக்குவம். பக்கத்தில் இரண்டு லாரி டிரைவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது: "டயருக்குக் கஞ்சத்தனம் பார்க்கிறவன் வண்டியில் நான் ஏறமாட்டேன். என் உயிர் அந்த நாலு விரற்கடை ரப்பரில்தான் நிற்கிறது." அவரை எழுப்பி நிறுத்தி எங்கள் கோத்தகிரிக் கூட்டத்தில் பேசவைக்க வேண்டும் போலிருந்தது.

குடோனுக்குப் பெயர்ப்பலகை இல்லை. தகரக் கூரைக்குக் கீழே ஐந்து பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் குன்று குன்றாக டயர். ஒருத்தி சூடு காட்டிப் பழைய ஸ்டிக்கரை உரித்தாள். அடுத்தவள் துடைத்தாள். மூன்றாமவள் அந்தத் தங்க நிற ஸ்டிக்கரை ஒட்டி, துணியால் அழுத்தித் தேய்த்தாள். உரித்துப்போட்ட காகிதத்தில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மலைச் சைக்கிள் மாதிரித் தோற்றம் மட்டும் காட்டுகிற, தெருவில் பிள்ளைகள் ஓட்டுகிற மலிவுச் சைக்கிளின் டயர்.

மேனேஜர் சேகர் எழுந்து வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. "உக்காருங்க மேடம். கூல்டிரிங்ஸ் சொல்லட்டா?"

"இதை யார் செஞ்சது?"

"நாங்க செய்யறதில்ல மேடம். வாங்கறோம், பேக் பண்றோம், அனுப்பறோம்."

"ரெண்டு சுவர்னு போட்டிருக்கீங்க. எங்க இருக்கு ரெண்டாவது சுவர்? காட்டுங்க."

"அது ஒரு மார்க்கெட்டிங் பேரு மேடம். எல்லாரும் போடறாங்க. சைக்கிள் டயர்தான, ஏரோப்ளேனா?" என்று சிரித்தார்.

அதன் பிறகு நான் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. தங்கத்தின் முகவாயைச் சொன்னேன். ஏழு தையலைச் சொன்னேன். என் கடையைச் சொன்னேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். சேகர் போனை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்ததும், ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த பெண் பக்கம் திரும்பினேன். "உங்க கையாலதான ஒட்டறீங்க? எழுதியிருக்கறது பொய்னு தெரியாதா? கூசலையா?"

அவள் தலை நிமிர்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை.

"இந்தாம்மா, ஒட்ற கைய இன்னா கேக்கற? ஒட்டச் சொன்ன வாயக் கேளு."

குடோன் காவலாளி வந்து என் முழங்கையைப் பிடித்தார். வெளியே கொண்டுவந்து விட்டார்.

பஜ்ஜிக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். பெயர் கிளோரி. அவளும் கோபமாகத்தான் இருந்தாள்.

"அந்தக் கத்து கத்தனியே, நான் ஒண்ணு கேக்கறேன். இந்த டயர வண்டியில மாட்டும்போது ஒரு தபா கிள்ளிப் பாத்தியா?"

நான் தோளில் கிடந்த டயரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நான் எட்டு வருசம் நெசமான டயர் கம்பெனில காண்ட்ராக்ட்ல இருந்தவ. காண்ட்ராக்ட மாத்தி எங்கள எல்லாம் வெளிய அனுப்பிட்டானுங்கோ. ரப்பரு எனுக்குத் தெரியும். இங்க பாரு." என் தோளிலிருந்து டயரை இழுத்து, அதன் மேல் குமிழ் குமிழாக நிற்கும் பட்டன் ஒன்றில் நகத்தை அழுத்தினாள். "நல்ல மெது ரப்பருன்னா நகம் எறங்கும், பள்ளம் மெதுவா மேல வரும். இதுல நகமே எறங்கல. பிளாஸ்டிக்கு மாரி கீது. கல்லப் புடிக்காது, வயுக்கும். சைட கிள்ளு. லேபிள்ல சொல்ற மாரி ரெண்டு சுவரு, ரெண்டு துணி வச்சிருந்தா வெரலுக்குக் கனமா வரும். இது ஒத்தத் துணி. தோசை மாரி மடங்குது. இது தெரிய கம்பெனில வேல பாக்கணுமா? சைக்கிள் கடக்காரிக்குத் தெரியாதா?"

தெரியும். அதைத்தான் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். எங்கள் பதினொரு பேருக்கும் அந்த டயரைத் தேர்ந்தெடுத்தவள் நான். எங்கள் ஊர் ஈரக் களிமண்ணுக்குப் பட்டன் உயரமாக வேண்டும், பட்டன்களுக்கு நடுவே இடைவெளி வேண்டும், அப்போதுதான் சேறு ஒட்டாமல் உதிரும். அதைப் பார்த்தேன். லேபிளைப் படித்தேன். திருப்தியாகிவிட்டது. இருபது வருஷமாகக் கடை வைத்திருப்பவள், அச்சடித்த எழுத்தை நம்பி, விரலால் கிள்ளிப் பார்க்காமல் விட்டேன். வந்த வழியெல்லாம் ஆட்டோக்காரரிடமும் லாட்ஜ்காரரிடமும் எரிந்து விழுந்தது எதனால் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்தே இருந்தது.

"இன்னொண்ணும் கேளு" என்றாள் கிளோரி. "புதன்கெயம முப்பது ஜோடிக்கு மேல பேக் பண்ணி ஆர்.கே.பேட்டைக்கு அனுப்பிக்கிறோம். ஞாயித்துக்கெயம அங்க மலையில சைக்கிள் ரேஸு. எல்லாருக்கும் ஃப்ரீயாம். கம்பெனி வெளம்பரம்." சொல்லிவிட்டு, மணி பார்த்து, எழுந்து குடோனுக்குப் போய்விட்டாள்.

அங்கிருந்தே தங்கத்துக்குப் போன் செய்தேன். முதலில் என் தப்பைச் சொன்னேன். கிள்ளிப் பார்க்கவில்லை என்று சொன்னேன். ஆர்.கே.பேட்டைக்குப் போன முப்பது ஜோடியையும் சொன்னேன்.

"நீ குடுத்த டயர்னுதான் நானும் பாக்கல" என்றாள். அதைவிட அவள் என்னை நன்றாகத் திட்டியிருக்கலாம். பிறகு நர்ஸ் குரலில், "அழுதுட்டு நிக்காத. அந்த முப்பது பேரு எங்க இருக்காங்கன்னு போய்ப் பாரு" என்றாள்.

சனிக்கிழமை ஆர்.கே.பேட்டை. ஒரே மாவட்டம்தான். ஆனால் புகைபோக்கிகளை விட்டு வந்தால் வேறு நாடு போல இருக்கிறது. கரும்பு, நெல், வேர்க்கடலை, நடுநடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள். பந்தயத்தை நடத்துகிறவர் முனிரத்தினம் என்றும், குன்றடியில் நெல் பயிர் செய்கிறவர் என்றும் பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லிவிட்டார்கள். ஐம்பது வயது. தன் வயலுக்குப் பின்னால் உள்ள குன்றில் அவரே கல் புரட்டி, முள் வெட்டிப் பாதை போட்டிருக்கிறார். அவரும் ஓட்டுவாராம். காலில் பழைய தழும்புகள் இருந்தன. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. பத்து நிமிஷத்தில் சண்டை வந்துவிட்டது.

"இன்னாம்மா, ஒரு டயர் கிழிஞ்சா எல்லா டயரும் கிழியுமா? அந்த சேகரு தானா வந்து கேட்டாரு. எங்க பசங்க நூலு தெரியற டயரோட ஓட்றானுங்கோ. இவரு புதுசு குடுக்கறாரு. அத மாட்டினாதான் ரேஸுன்னு சொல்றாரு. நியாயம்தான?"

"நூல் தெரியற பழைய டயரே இதுக்கு மேல்."

"வெளியூர்லேர்ந்து வந்து கெடுக்காதம்மா. நாளைக்கு ஊரே வருது."

நான் மட்டும் குன்றில் ஏறிப் பாதையை நடந்து பார்த்தேன். எங்கள் ஊர் மண்ணுக்கு நேர்மாறு. அடியில் இறுகிய தரை, மேலே சோளம் கொட்டினாற்போல் சரளை, ஓரமெல்லாம் கத்தி மாதிரிக் கல், இடையிடையே முள். இங்கே உயரப் பட்டன் நெளியும். வெயிலில் சூடேறிப் பிய்ந்தும் போகும். நடுவில் குட்டையாக நெருக்கமான பட்டன் வேண்டும், ஓரத்தில் திரும்பும்போது ஊன்றிக்கொள்ளத் தடித்த பட்டன் வேண்டும். முன்சக்கரத்துக்கு மெது ரப்பர், அதுதான் பிடிக்க வேண்டியது. பின்சக்கரத்துக்குச் சற்றே கடினம், அது உழைக்க வேண்டியது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கம் கனமாக இருக்க வேண்டும். உச்சியிலிருந்து மூன்றாவது வளைவில் ஒரு சரிந்த பாறை. அதில் இறங்கி வருகிறவனுக்கு ஒத்தைத் துணி டயர் கிழிந்தால், விழுவதற்குக் கீழே கற்குவியல்தான் இருக்கிறது. அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

கீழே வந்து இன்னொரு முறை மன்றாடினேன். முனிரத்தினம் கேட்கவில்லை. ஆனால் சாப்பிடாமல் போகவிடவும் இல்லை. அவர் மனைவி கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்து, "அவரு அப்டிதாம்மா. காலைல வேற மாரி பேசுவாரு" என்றார். அங்கேயே படுத்துக்கொள்ளச் சொன்னார். காலையில் அவர் வேறு மாதிரிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் குன்றடியில் திருவிழாக் கூட்டம். கரும்புச் சாறு வண்டி, போண்டாக் கடை, மைக் செட். முப்பத்திரண்டு பேர் எண் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். விவசாயிகள், கம்பெனித் தொழிலாளிகள், மூன்று கல்லூரிப் பெண்கள். எல்லாச் சக்கரத்திலும் புதுக் கறுப்பில் அந்தத் தங்க எழுத்து. மேடையில் சேகர். கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். நான் மேடையை நோக்கி நடந்தபோது இரண்டு பேர் வழியை மறித்தார்கள். "லேடீஸ்னு பாக்கறோம்" என்றார்கள். ஓட்டக்காரர்களிடம் போய் ஒவ்வொருவராகச் சொன்னேன். "ஃப்ரீயா குடுத்தத குறை சொல்லாதக்கா" என்றான் ஒருவன். இன்னொருவன் சிரித்தான்.

அப்போதுதான் கிளோரி வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்த வேகத்தில் சேலை முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள். நேராக மைக் பக்கம் போனாள். மறித்தவர்களுக்கு அவளை யாரென்று தெரியாததால் வழி விட்டுவிட்டார்கள்.

"எம் பேரு கிளோரி. எளாவூர் குடோன்ல வேல பாக்கறேன். உங்க வண்டில கீற ஸ்டிக்கருல பாதி நான் ஒட்டுனது." மைக் கீச்சென்றது. அவள் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "அதுல எயுதிக்கிறது பொய்யி. சேகர் சார் ஒட்டச் சொன்னாரு, ஒட்டினேன். மெய்யாலுமே அது தெருவுல ஓட்ற டயரு. மலைக்கு ஆவாது. நகத்தால அமுக்கிப் பாருங்க. சைட கிள்ளிப் பாருங்க. அவ்ளோதான் நான் சொல்ல வந்தது."

சேகர் எழுந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. "முனிரத்தினம் சார், யாரோ ஒரு கூலிக்காரி பேச்சக் கேட்டு இவ்வளவு பெரிய ஃபங்ஷன..."

"யாரு கூலிக்காரி?" என்றான் வரிசையில் நின்ற ஒருவன். சற்று முன் சிரித்தவன் அவன்தான். "நானும்தான் காண்ட்ராக்ட்டு. நானும் கூலிக்காரன்தான். இன்னா இப்போ?" அவன் குனிந்து தன் முன்சக்கரத்தில் நகத்தை வைத்து அழுத்தினான். பக்கத்தில் இருந்த பெண் குனிந்தாள். அப்புறம் எல்லோரும். முப்பது பேர் குனிந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம் மைக் செட்டின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

முனிரத்தினம் மேடையிலிருந்து இறங்கினார். மீதமிருந்த புது டயர் ஒன்றை எடுத்தார். அழுத்தினார், கிள்ளினார். பிறகு வேலியில் செருகியிருந்த கதிர் அரிவாளை உருவிப் பக்கவாட்டில் ஒரு இழுப்பு. வாழைமட்டை மாதிரிப் பிளந்தது. தன் சைக்கிளிலிருந்து எப்போதோ கழற்றிப் போட்டிருந்த தேய்ந்த டயரில் அதே இழுப்பு. கீறல் விழுந்தது, அறுபடவில்லை. இரண்டையும் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"எம் பசங்கள கொல்லப் பாத்தியாடா?" என்றார். மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை கேட்டது. சேகர் மாலையோடு காருக்கு ஓடினார். கல்லெறியப் போனவர்களை முனிரத்தினமே நிறுத்தினார்.

பந்தயம் மூன்று மணி நேரம் தள்ளிப்போனது. வீட்டிலிருந்து பழைய டயர்களைக் கொண்டுவரச் சொன்னோம். புளியமரத்தடியில் உட்கார்ந்து நானும் கிளோரியும் நாலைந்து பேரும் சக்கரம் சக்கரமாக மாற்றினோம். எடுத்துவந்த ஒவ்வொன்றையும் கிளோரி முதலில் கிள்ளினாள். நூல் தெரிந்ததைத் தள்ளினாள். பக்கம் நன்றாக இருந்து பட்டன் தேய்ந்ததைப் பின்சக்கரத்துக்கும், பட்டன் நன்றாக இருப்பதை முன்சக்கரத்துக்கும் ஒதுக்கினாள். ஒருவருக்கு இரண்டும் தேறவில்லை. முனிரத்தினம் தன் சக்கரங்களையே கழற்றிக் கொடுத்துவிட்டார். காற்றை நான் பார்த்தேன். கல்லில் குதித்தால் ரிம் டயரைக் கடிக்காத அளவு, சரளையில் வழுக்காத அளவு.

ஓட்டம் முழுக்க நான் அந்தச் சரிந்த பாறை பக்கம்தான் நின்றேன். ஆறு பேர் விழுந்தார்கள். முட்டி சிராய்ந்தது, ஒருவருக்குப் பல் உதட்டைக் கடித்துவிட்டது. எல்லோரும் எழுந்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யார் ஜெயித்தார்கள் என்று கூட நான் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கிளோரியிடம், "நாளைக்கு வேலைக்குப் போகணுமே, என்ன செய்வீங்க?" என்றேன். "போவேன். வேணான்னா அவன் வாயால சொல்லட்டும்" என்றாள். நானும் கூட வந்து நிற்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. எளாவூர் குடோனில் பூட்டு. இடுக்கு வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு டயர்கூட இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இதற்குள் வேறு எங்கோ, வேறு பெயரில், வேறு ஐந்து பெண்கள் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பூட்டை உடைக்க வேண்டும் போலிருந்தது; உடைத்து என்ன செய்ய?

மற்ற நான்கு பெண்களும் சாப்பாட்டுப் பையோடு கேட்டாண்டை நின்றார்கள். செய்தி அவர்களுக்கு வந்துவிட்டது. மல்லிகா என்ற பெரியவள் கிளோரியைப் பார்த்ததும் ஆரம்பித்தாள். "உனுக்கின்னாடி, மைக்கு புடிச்சிப் பேசிட்ட. என் பொண்ணு படிக்கிறா. என் ஊட்டுக்காரு கால் ஒடஞ்சி குந்திக்கினு கீறாரு. எங்கள ஒரு வார்த்த கேட்டியா? நீ நல்லவன்னு பேரு வாங்க நாங்க பேஜாரு படணுமா?" தெருவே நின்று பார்த்தது. கிளோரி தலை குனியாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நான் குறுக்கே போனேன். "அவங்க மேல தப்பில்ல. நான்தான்..."

"நீ கம்னு இரும்மா" என்றாள் மல்லிகா. "நீ ரயிலேறிப் போயிடுவ."

அது உண்மை. அன்று மதியம் எனக்கு ரயில். நான்கு நாளாக ஊரெல்லாம் கத்தியவள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மல்லிகா மூச்சு வாங்கும்வரை திட்டினாள். பிறகு கேட்டுக்கு எதிரே வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். தக்காளிச் சோறு. மூடியில் பாதியைப் போட்டு, ஒரு துண்டு ஊறுகாயும் வைத்து, கிளோரி பக்கம் நீட்டினாள்.

"காலைல ஒண்ணும் துன்னிருக்க மாட்ட. குந்து, துன்னு. அப்பால எல்லாரும் சேந்து கம்பெனி கம்பெனியா வேல கேக்கப் போவலாம். போற வயில மிச்சத்தத் திட்றேன்."